நாயைக் கூட்டிக்கொண்டு வந்தவள்

"நாயை எதுக்கு மேடம் கூட்டிட்டுப் போனீங்க?"

அந்தப் பெரிய கேம் நிறுவனத்தின் தொடர்பு அதிகாரி போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கதவு ஏன் திறக்கவில்லை என்று கேட்பார் என எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அவரோ, தன் வீட்டு ஹாலுக்குள் நான் சேற்றுக் காலோடு ஒரு நாயை ஏற்றிவிட்டதைப் போலக் கேட்டார்.

"காப்பாத்தினேன், கூடவே வந்துச்சு. காப்பாத்தலாம்னு கேம்ல வச்சதே நீங்கதானே சார்?"

"வச்சிருக்கோம் மேடம், இல்லேங்கல. ஆனா உங்களைத் தவிர இருபத்து மூணு பேருக்கு ரிவ்யூ காப்பி கொடுத்திருக்கோம். எல்லாரும் முடிச்சிட்டாங்க. எல்லாருக்கும் கதவு திறந்துச்சு."

"அவங்க யாரும் அந்த நாயைப் பார்க்கவே இல்ல சார்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஆசிரியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலை பதினொன்றரை மணி. மாலை ஐந்து மணிக்கு விமர்சனம் வெளியாக வேண்டும்.

நான் வீடியோ கேம்களைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவள். இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள், பிறகு தங்கள் பிள்ளைகளை என்னிடமிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துவார்கள். சொந்த அண்ணனே விருந்தாளிகளிடம் "தங்கச்சி கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றா" என்று முடித்துக்கொள்கிறான். எங்கள் இணையதளத்துக்கு வயது நான்கு மாதம். ஆட்கள் மூன்று பேர். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே ஒரே அறை, அதில் மூன்று மேசை, இரண்டு டிவி, மின்விசிறி ஒன்று. ஆசிரியர் ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் பதினாறு வருஷம் குப்பை கொட்டியவர். சொந்தமாக ஒன்று ஆரம்பித்தே தீருவேன் என்று வேலையை விட்டுவிட்டு வந்தார். மூன்றாவது ஆள் எங்கள் தொழில்நுட்பக்காரன். எந்நேரமும் கழுத்தில் ஒரு கேபிளைத் தொங்கவிட்டிருப்பதால் அவனுக்கு வயர் என்று பெயர். அவன் அம்மா போன் செய்தாலும் "வயர் இருக்கானா?" என்றுதான் கேட்பார்.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருக்கிறது. முதல் நாளே அதில் நான் இரண்டு வரி எழுதினேன். 'முதலிலிருந்து ஆடு. முடித்த பிறகே மதிப்பெண் போடு.' எழுதி முடித்த பிறகுதான் கையில் இருந்தது அழியாத மை என்று தெரிந்தது. வயர் என்னென்னவோ போட்டுத் தேய்த்துப் பார்த்தான், போகவில்லை. எங்கள் தளத்தின் சட்டம் அப்படித்தான் நிலைத்தது.

சட்டம் எழுத எனக்கு ஒரு காரணம் இருந்தது. இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. நாற்பது மணி நேரம் ஆட வேண்டிய கேமை நான்கு நாளில் ஆடி எழுதச் சொல்வார்கள். பாவம் என்று நிறுவனமே ஒரு சேவ் ஃபைல் அனுப்பும். அதாவது, வேறு யாரோ பாதி தூரம் ஆடி வைத்த ஆட்டம். அதைத் திறந்தால் நேரே கடைசிக் கட்டங்களுக்குப் போய்விடலாம். முன்பு ஒரு பத்திரிகையில் வேலை செய்தபோது நானும் அப்படி ஒரு கேமை முடித்துவிட்டு, 'தொடக்கம் முதல் இறுதிவரை விறுவிறுப்பு' என்று கூசாமல் எழுதினேன். அடுத்த மாதம் ஒரு வாசகர் கடிதம் போட்டார். 'நான்காவது கட்டத்தில் வரும் தண்ணீர்ப் பாலத்தைத் தாங்கள் எப்படித் தாண்டினீர்கள்? நான் மூன்று வாரமாக இந்தப் பக்கமே நிற்கிறேன்.' அந்தப் பாலத்தை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பதில் போடவில்லை. அந்த மனிதர் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். வெட்கமாக இருக்கும்.

இந்த முறை வந்த கேமின் பெயர் 'கீழ் ஏழு'. ஏழு மட்டங்கள் கொண்ட ஒரு பழைய சுரங்கம். தொலைந்துபோன தங்கையைத் தேடி ஒரு தொழிலாளி ஒற்றை விளக்கோடு கீழே இறங்குகிறான். ஒரு பெரிய நிறுவனம் எங்களை மதித்து வெளியீட்டுக்கு முன்பே காப்பி கொடுத்தது அதுவே முதல் தடவை. கூடவே சேவ் ஃபைலும் வந்தது, ஆறாவது மட்டத்திலிருந்து. ஆசிரியர் அந்த மின்னஞ்சலைப் படித்த அன்று அறையில் அங்குமிங்கும் நடந்தபடி இருந்தார். வயருக்கும் எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். வழக்கமாக நாங்கள்தான் அவருக்கு வாங்கிக் கொடுப்போம்.

சேவ் ஃபைலைத் தொடவில்லை. அலுவலகத்தின் இரண்டு கேம் மெஷின்களில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போய் முதல் மட்டத்திலிருந்து தொடங்கினேன்.

வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவள். இரண்டு பேரைப் பேசவிட்டு, தான் நடுவில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவள் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அந்த முப்பது வருஷத்துக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். நான் கேம் ஆடும்போது சோபாவில் சாய்ந்து தொடர் பார்ப்பதுபோலப் பார்ப்பாள். "அவன் முழியே சரியில்லை, அவன்கிட்ட விளக்கைக் குடுக்காதே" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

இரண்டாவது மட்டத்தில் ஒரு வறண்ட கிணறு. உள்ளே ஒரு நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது. தூக்க வேண்டுமென்றால் ஏணி தேட வேண்டும், ஏணிக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். எப்படியும் மூன்று மணி நேரம் போகும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், கடந்து போகத் திரும்பினேன்.

"எங்கடி போற?" என்றாள் அம்மா.

"நேரம் இல்லம்மா. வியாழக்கிழமைக்குள்ள முடிக்கணும்."

"அது உன்னைப் பார்த்துட்டுதானே நிக்குது? விட்டுட்டா போகப் போற?"

"அது நிஜ நாய் இல்லம்மா."

"நீ நிஜம்தானே?"

ஏணி தேடப் போனேன். நாய் மேலே வந்ததும் அம்மா கைதட்டினாள். அதன் பிறகு அது எங்களை விட்டுப் பிரியவில்லை. நான் பொத்தானை அழுத்தி விசில் அடித்தால் ஓடி வரும், ஒரு சுற்றுச் சுற்றும். வேறொன்றும் அதற்குத் தெரியாது. ஐந்தாவது மட்டத்தில் புகை மூட்டத்தில் வழி தெரியாமல் நின்றபோது அதுதான் முன்னால் போய்க் குரைத்து வழி காட்டியது. நான் நூற்றுக்கணக்கான கேம் ஆடியவள், நெஞ்சு கொஞ்சம் கெட்டிப்பட்டுப் போனவள். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முப்பத்தெட்டு மணி நேரம். செவ்வாய்க்கிழமை ஏழாவது மட்டத்தின் கடைசிக் கதவுக்கு வந்தோம். கதவுக்கு முன்னால் ஒரு சதுரக் கல். அதன்மேல் நின்றால் கதவு திறக்கும் என்று அங்கிருந்த கிழட்டுக் காவல்காரன் சொன்னான். நான் கல்லை நோக்கி நடப்பதற்குள் நாய் முந்திக்கொண்டு ஓடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. வாலை ஆட்டியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். கதவு அசையவில்லை. விசில் அடித்தேன். வந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பவும் போய்க் கல்மேல் உட்கார்ந்தது. இரண்டு மணி நேரம் இதே கதை.

மறுநாள் வயர் நிறுவனம் கொடுத்த சேவ் ஃபைலை அலுவலக மெஷினில் போட்டுப் பார்த்தான். அதில் நாய் இல்லை. அந்த ஆட்டத்தை ஆடியவர் கிணற்றைக் கடந்து போய்விட்டிருந்தார். ஆள் கல்மேல் நின்றதும் கதவு சமர்த்தாகத் திறந்தது.

"ரெண்டு பேர் நின்னா கதவுக்குக் குழம்பிடுது அக்கா. நாயைக் காப்பாத்தினவங்க யாரும் இந்த கேமை முடிக்கவே முடியாது. பழைய இடத்துக்குத் திரும்பவும் வழி இல்ல, முதல்லேர்ந்துதான் வரணும்" என்றான் வயர்.

அதை நிறுவனத்துக்கு எழுதினேன். வியாழக்கிழமை காலை அந்தப் போன் வந்தது.

"மேடம், நான் சொல்றதைக் கேளுங்க" என்றார் தொடர்பு அதிகாரி. "எங்க சேவ் ஃபைல்ல ஒரு மணி நேரம்தான் ஆகும். முடிச்சிட்டு எழுதிடுங்க. இந்தச் சின்ன விஷயத்தை நாங்க பின்னாடி சரி பண்ணிக்கறோம். அடுத்த மாசம் இன்னொரு பெரிய கேம் வருது. உங்க பேர் லிஸ்ட்ல இருக்கணும்னு எனக்கு ஆசை."

ஆசையாம். போனை வைத்ததும் ஆசிரியர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"முடிச்சிடும்மா" என்றார். "ஒரு மணி நேரம். எட்டு மார்க் போடு. கடைசிப் பத்தியில 'சில இடங்களில் சிறு கோளாறுகள் உண்டு'ன்னு ஒரு வரி எழுதிடு. பொய்யும் இல்ல."

"பொய்தான் சார்."

"நாலு மாசமா நாய் படாத பாடு பட்டு இப்பதான் ஒருத்தன் நம்மளை ஆளா மதிச்சிருக்கான். இவன் கதவைச் சாத்தினா மத்தவனும் சாத்துவான். காப்பி வரலைன்னா எல்லாரும் எழுதி முடிச்ச பிறகு நாம எழுதுவோம். அதை எவன் படிப்பான்? தளத்தை மூடிட்டுப் போக வேண்டியதுதான். உனக்கு அது புரியுதா இல்லையா?"

புரிந்தது. அவர் திரும்பிப் போக அந்த நாளிதழில் நாற்காலி இல்லை, அதில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் அந்தத் தண்ணீர்ப் பாலத்துக்காரர் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார், நகர மாட்டேன் என்றார்.

"நாளைக்கு இந்த கேமை வாங்கறவங்கள்ல எத்தனை பேர் அந்த நாயைத் தூக்குவாங்கன்னு நினைக்கறீங்க?" என்றேன். "நல்ல மனசு இருக்கறவங்க எல்லாரும் தூக்குவாங்க. முப்பத்தெட்டு மணி நேரம் ஆடி, கதவு முன்னாடி வந்து, தான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டோம்னு நினைச்சுட்டு நிப்பாங்க. அவங்க நம்மளைப் படிச்சிட்டு வாங்கினவங்களா இருந்தா? எட்டு மார்க் போட்டவ யாருன்னு பேரைப் பார்ப்பாங்க. அது என் பேர் சார். நான் போட மாட்டேன்."

"உன் சட்டப்படியே நீ முடிக்கல. அப்புறம் எப்படி எழுதுவ?" என்று பலகையைக் காட்டினார்.

"நல்லாப் படிங்க. முடிச்ச பிறகே மதிப்பெண் போடுன்னுதான் இருக்கு. எழுதாதேன்னு இல்ல."

அவர் பலகையை முறைத்தார். அழியாத மையை வாங்கி வந்தவர் அவர்தான்.

நான்கு மணிக்குள் எழுதிக் கொடுத்தேன். சுரங்கத்தின் இருட்டையும் இசையையும் மனதாரப் பாராட்டியிருந்தேன், அவை பாராட்ட வேண்டியவைதான். தலைப்பு: 'நாயைக் காப்பாற்றினால் கதவு திறக்காது'. ஆசிரியர் மூன்று முறை படித்தார். ஒரு வார்த்தையும் மாற்றவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் மல்லாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் வயர் கத்தினான். மதிப்பெண் கட்டத்தில் எண் போடாமல் பக்கம் வெளியாக மறுத்தது. அந்தப் பக்கத்தை அமைத்தவனே அவன்தான்.

"என்ன போடட்டும்? பூஜ்யமா?"

"பூஜ்யமும் மார்க்தான்டா" என்றேன்.

"போடா, அந்தக் கட்டத்தை உடை" என்றார் ஆசிரியர், மின்விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வயர் உடைத்தான். ஐந்து மணிக்கு எல்லாத் தளங்களிலும் ஒன்பது, ஒன்பது, எட்டரை என்று வரிசையாக வந்தன. எங்கள் பக்கத்தில் மதிப்பெண் இருக்க வேண்டிய இடத்தில் 'இன்னும் கதவுக்கு வெளியே' என்று இருந்தது.

பிறகு இணையத்தில் வாசகர்கள் என்னைக் கிழித்தார்கள். கிழி கிழி என்று கிழித்தார்கள். ஆடத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த வேலை, பொம்பளைக்குக் கதவு திறக்க ஆள் வேண்டுமாம், பிரபலமாவதற்காக நாய்க் கதை விடுகிறாள். ஒருவர் எனக்குச் சமையல் விளையாட்டு ஒன்றைச் சிபாரிசு செய்தார். அதை நான் எப்போதோ முடித்துவிட்டேன், மிகக் கடினமான நிலையில். நிறுவனத்திலிருந்து ஒரு வரி வந்தது. எங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆசிரியர் அதைப் படித்துவிட்டு வரவு செலவு நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். அது மற்ற எல்லா வசவையும்விட அதிகமாகச் சுட்டது.

வெள்ளிக்கிழமை கேம் கடைகளுக்கு வந்தது. வயர் வரிசையில் நின்று ஒன்று வாங்கி வந்தான். சனி, ஞாயிறு எதுவும் நடக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் ஒரு வாசகர் தன் டிவியைப் படமெடுத்து அனுப்பினார். மூடிய கதவு, சதுரக் கல், அதன்மேல் மடிந்த காதோடு நாய். 'நீங்கள் சொன்னபோது உங்களைத் திட்டியவன் நான்' என்று எழுதியிருந்தார். மாலைக்குள் நாற்பது படங்கள். புதன்கிழமைக்குள் எண்ண முடியவில்லை. எல்லாப் படத்திலும் அது வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்ததா? இருந்தது. அடக்கமாகச் சொல்ல என்ன இருக்கிறது? டீக்கடைக்குப் போய் இரண்டு டீ குடித்தேன்.

வியாழக்கிழமை தொடர்பு அதிகாரியே மறுபடி கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

"மேடம், பேட்ச் விட்டாச்சு. எல்லாம் சரி பண்ணியாச்சு. இப்ப கதவு எல்லாருக்கும் திறக்குது. நீங்க விமர்சனத்தை மாத்தி ஒரு மார்க் போட்டுட்டா, நான் உங்க பேரைத் திரும்ப லிஸ்ட்ல சேர்த்துடறேன். நடந்ததை மறந்துடலாம்."

"பார்த்துட்டுச் சொல்றேன் சார். போனை வைக்காதீங்க" என்றேன்.

வயர் ஏற்கெனவே பேட்ச் என்ற அந்தத் திருத்தக் கோப்பை அலுவலக மெஷினில் இறக்கியிருந்தான். இரண்டாவது மட்டம்வரை ஆடியும் வைத்திருந்தான். விளக்கைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். கிணறு இல்லை. அந்த இடத்தில் கற்குவியல் ஒன்று கிடந்தது. சுற்றிச் சுற்றி வந்தேன். பொத்தானை அழுத்தினேன், விசில் சத்தம்கூட வரவில்லை.

"நாய் எங்க சார்?"

"அதனாலதானே மேடம் இவ்வளவு பிரச்சினையும்" என்றார். "கல்லையும் கதவையும் மாத்தணும்னா ஆறு வாரம் ஆகும்னாங்க. நாயை எடுக்க ஒரே நாள்தான். எடுத்தாச்சு."

"பாதி ஆடி வச்சிருக்கவங்ககிட்ட இருக்கற நாய்?"

"பேட்ச் போட்டதும் மறைஞ்சிடும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது மேடம்."

புகையில் எனக்கு வழி காட்டிய ஜீவன் அது. கோபத்தில் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அதற்குள் ஒரு கை குறுக்கே வந்து போனை எடுத்தது. ஆசிரியர்.

"சார், வணக்கம். இந்தத் தளத்தோட ஆசிரியர் பேசறேன். எங்க ரிவ்யூவர் நாயோட உள்ள போனவங்க. நாயோட வெளிய வந்தாத்தான் எங்க கணக்குல முடிச்ச மாதிரி. முடிச்ச பிறகுதான் நாங்க மார்க் போடறது. இங்க சுவத்துல எழுதி வச்சிருக்கோம், அழிக்க முடியல." மறுமுனை ஏதோ சொன்னது. "லிஸ்ட்டா? அதை நீங்களே வச்சுக்கோங்க. நாங்க கடையில வரிசையில நின்னு வாங்கிக்கறோம். வாசகர்களும் அங்கதானே நிக்கறாங்க."

போனை வைத்தார். "நாளைக்கு எனக்கும் சேர்த்து நீங்க ரெண்டு பேரும்தான் டீ வாங்கணும்" என்றார். நான் அவரைக் கும்பிடலாமா என்று யோசித்தேன், கூச்சமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டு மெஷின் இணையத்தில் இருக்கிறது. தானாகவே பேட்சை இறக்கிக்கொள்ளும். என் நாய் அதில்தான் இருக்கிறது. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, கேள்வி கேட்காதே. டிவிக்குப் பின்னாடி நீல ஒயர் ஒண்ணு இருக்கும், அதைப் பிடுங்கு."

"முப்பது வருஷம் ஒயர் மாட்டினவகிட்ட கேள்வி கேட்காதேங்கறா பாரு" என்றாள். ஒரு சின்ன கிளிக் கேட்டது. "பிடுங்கியாச்சு. இப்ப சொல்லு, யார் லைன்ல வர்றாங்க?"

சொன்னேன். 

"ஒரு கதவைச் சரி பண்ணத் தெரியாம நாயைத் தொலைச்சுக் கட்டியிருக்காங்களா?" என்றாள். "நீ வீட்டுக்கு வா."

சாயங்காலம் போனபோது அம்மா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நீலக் கேபிளின் முனை அவள் மடியில் கிடந்தது, அதன்மேல் கையை வைத்திருந்தாள். அவசரமாக மெஷினைப் போட்டேன். திரை வெளிச்சமாயிற்று. ஏழாவது மட்டம், மூடிய கதவு, சதுரக் கல். நாய் அதன்மேல் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாலை ஆட்டியது.

"விசில் அடி" என்றாள் அம்மா.

அடித்தேன். ஓடி வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்துகொண்டது. நான் மடிக்கணினியை எடுத்து இரண்டாவது விமர்சனத்துக்குத் தலைப்பு வைத்தேன்: 'நாய் எங்கே?' மதிப்பெண் கட்டத்தில் என்ன போடுவது என்று அம்மாவைக் கேட்டேன்.

"நாங்க மூணு பேரும் இங்கயேதான் நிக்கறோம்னு போடு" என்றாள்.

போட்டேன்.